ஹெப்பாரின் யார் பேரில்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பில் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு அது ஆகாது என்று எங்கள் அக்கவுண்டன்ட் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆகாதுதான். ஆனால் என் கோபத்தில் முக்கால்வாசி மனிதர்கள் மேல் இல்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய ஓர் அட்டையின் மேல்தான்.

அந்த அட்டை மெட்ராஸிலிருந்து அக்கவுண்டன்டோடு கூடவே வந்தது. ஆஸ்பத்திரியில் செய்கிற, கொடுக்கிற எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நம்பர். கட்டில் வாடகைக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று, கட்டு மாற்றினால் ஒன்று. இனிமேல் பில்லில் மருந்தின் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நம்பர் போட்டால் போதும், மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான் என்றார். நாற்பத்தொன்று என்றால் ஹெப்பாரின் ஊசி மருந்து, ஒரு குப்பி. அரைக் குப்பிக்கு நம்பர் கிடையாது, கால் குப்பிக்கும் கிடையாது. உடைத்தால் ஒன்று. அவ்வளவுதான்.

இது எண்பதுகளின் நடுவில். திருச்சியில் டயாலிசிஸ் என்ற வார்த்தையே அப்போது பலருக்குப் புதிது. எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் இரண்டு மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அவை செய்தன. கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, வடிகட்டியில் விட்டுச் சுத்தம் பண்ணி, மறுபடி உடம்புக்குள் அனுப்புவார்கள். உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் சும்மா இருக்காது, உறையத் தொடங்கும். உறையாமல் வைக்கத்தான் அந்த ஹெப்பாரின். அது இல்லாமல் ஓட்டினால் குழாயும் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். உள்ளே போன ரத்தம் அத்தனையும் வீண்.

ஒரு குப்பியில் இருப்பது ஒருவருக்கு ஒரு வேளைக்கு வேண்டியதைவிட ரொம்ப அதிகம். ஊசி குத்திய குப்பியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது மாடியில் விதி. யாருக்காக உடைத்தார்களோ அவர் பேரில் முழுக் குப்பிக்கும் பில் என்பது கீழே எங்கள் விதி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு குப்பி உடைத்து, இரண்டிலும் பெரும்பங்கைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். இதைச் சொன்னால் அக்கவுண்டன்ட் அட்டையைக் காட்டுவார். அதனால்தான் எனக்கு அந்த அட்டையைக் கண்டால் ஆகாது.

செவ்வாயும் வெள்ளியும் காலை வேளையில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். வீடு ஸ்ரீரங்கத்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த நாட்களில் காவேரிப் பாலத்தை நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் தாண்டுவோம். டாக்டர் அவருக்குத் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தார். டம்ளரில் கோடு கிழித்துக் குடிக்கிற மனிதர், கோயிலுக்குப் போனால் மட்டும் தீர்த்தத்துக்குக் கையை நீட்டிவிடுவார். "பெருமாள் தீர்த்தம் டாக்டர் கணக்குல வராதும்மா" என்பார். "எடை பார்க்கிற சிஸ்டர் கணக்குல வரும் சார்" என்பேன். சிரிப்பார்.

அவருடைய வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றிருந்தது. மாதாமாதம் ஓர் அனுமதிக் கடிதம் வரும். அது வந்தால்தான் நாங்கள் அடுத்த மாதத்துக்குப் பேர் பதிவோம். சம்பளத்தை வைத்து டயாலிசிஸ் செய்துகொள்வது அவரால் ஆகிற காரியமில்லை. கடிதம் நின்றால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் நான் நிற்பேன் என்று அவரே ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

இன்னொருவர் லால்குடிப் பக்கத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். இரண்டாவது பிரசவத்தில் ஏதோ கோளாறாகி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கம்பெனியும் கிடையாது, கடிதமும் கிடையாது. புருஷன் விவசாயம். கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் ஒரு துண்டை விற்றுத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தார். கவுண்டரில் அவர் சட்டைப் பையைத் தடவும்போது நான் வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்வேன்.

ஃபோர்மேனுக்கு மருந்து எடுத்த பிறகு மிச்சத்தை ஊற்றப் போன மாடி சிஸ்டரை அவர்தான் ஒருநாள் நிறுத்தினாராம். "ஊத்தாதீங்க சிஸ்டர். கொட்டுறதை அந்தத் தங்கச்சிக்குப் போட்டுடுங்க." சிஸ்டர் போட்டுவிட்டார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முதலில் அவரை மெஷினில் இணைப்பார்கள், குப்பி அவர் பேரில் உடையும். பிறகு அவளை இணைப்பார்கள், மருந்து அதே குப்பியிலிருந்து. அவள் பில்லில் நாற்பத்தொன்று வராது. சிஸ்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பெரிய டாக்டருக்கும் தெரியும். அவர் அந்த நேரத்தில் கூரையில் மின்விசிறியைப் பார்ப்பார். அக்கவுண்டன்டுக்கு மட்டும் தெரியாது.

அதில் தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் கம்பெனியில் பில் பாஸ் பண்ணுகிற ஒருவர் ஹெப்பாரின் குப்பியின் அளவையும் ஃபோர்மேனின் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். கொடுக்கச் சொன்னது கொஞ்சம், பில் முழுக் குப்பிக்கு, மிச்சம் எங்கே என்று கேட்டு எழுதினார்கள். பெரிய டாக்டர் பதில் போடவில்லை. மறுபடி எழுதினார்கள், மறுபடியும் பதில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த மனிதரே குடையும் ஃபைலுமாக என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

ஒல்லியான ஆள். டெட்டால் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போல, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு எங்க ஆளுக்கு மருந்து போடுறதை நான் நேர்ல பார்க்கணும். பில் புக்கையும் எடுத்துட்டு வாங்க."

"பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காருங்க. அவரு வந்த பிறகு..."

"அவரு வர்றப்ப வரட்டும். ஊசி போடுற நேரம் தாண்டிடும்ல?"

மாடிக்கு ஆள் அனுப்பி சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சுற்றிப் பார்த்தேன். அக்கவுண்டன்ட் பின்னால் நின்றுகொண்டு, "கூட்டிட்டுப் போங்க, நாம மறைக்க என்ன இருக்கு" என்றார். அந்த நேரம் அவரை என்ன செய்தால் தகும் என்று இருந்தது. பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன். ஃபோர்மேன் பேருக்கு அன்றைய பில்லை ஏற்கெனவே எழுதியிருந்தேன். நாற்பத்தொன்று, ஒன்று.

எப்போதும் கொஞ்சம் தாமதமாக நடக்கிற வேலை அன்றைக்கு எங்களை முந்திக்கொண்டிருந்தது. லால்குடிப் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை முறை தவறிப்போயிருந்தது. பஸ் ஸ்டிரைக். வெள்ளிக்கிழமை வரும்போது முகமெல்லாம் வீங்கி, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதனால் சிஸ்டர் நேரத்தைக் கடத்தாமல் ஃபோர்மேனுக்கு மருந்து போட்டு மெஷினை ஓடவிட்டு, உடனே அவள் கையிலும் இரண்டு ஊசியைக் குத்தியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது ரத்தம் அவள் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் கையில் காலி சிரிஞ்சு. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டீல் தட்டில் அந்தக் குப்பி.

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணால் சொல்ல முயன்றேன். அது அவருக்குப் புரிவதற்குள் வந்தவரே பேசிவிட்டார்.

"நான் கம்பெனி மெடிக்கல் பில் செக்ஷன். இது எங்க ஆளுக்கு ஒடைச்ச பாட்டிலா?"

"ஆமா."

"அவருக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப இந்த மிச்சம்?"

சிஸ்டர் பாலக்கரைக்காரர், வாயைத் திறந்தால் மூட மாட்டார். அவரே சிரிஞ்சைத் தட்டில் வைக்கவும் மறந்து நின்றார். வந்தவர் அவளுடைய கட்டிலையும் சிஸ்டரின் காலி சிரிஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். முட்டாள் இல்லை.

"இந்த அம்மா எங்க கம்பெனி இல்லையே?"

"இல்லைங்க சார்." இது ஃபோர்மேன். படுத்தவாக்கில் தலையைத் திருப்பினார். "நான்தான் கொடுக்கச் சொன்னேன். கொட்டுறதைத்தான் சார் கொடுக்கிறோம்."

வந்தவர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயோ சார், இதை ஏன் என் காதுல விழுற மாதிரி சொன்னீங்க? கம்பெனி செலவுல வாங்கின மருந்தை வெளியாளுக்குக் கொடுத்தா சலுகை ரத்துன்னு ரூல்ல இருக்கு. நான் பார்த்ததை எழுதுறவன். பார்த்துட்டு எழுதாம இருக்க முடியாது."

"இன்னும் ஒண்ணும் பார்க்கலையே நீங்க" என்றேன் நான்.

"இனிமே போட்டா பார்ப்பேன்லம்மா?"

அது சரிதான். அந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு அவள் குழாய்க்குள் போனால் ஃபோர்மேனுக்கு அடுத்த கடிதம் வராது. போகாவிட்டால் அவள் ரத்தம் உறையும். இவ்வளவுதான் விஷயம்.

"மருந்து ரூம்லேர்ந்து வேற ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று நான் திரும்பினேன்.

"எங்கேர்ந்து?" என்றார் சிஸ்டர். "இதுதான் கடைசி. மெட்ராஸ் பார்சல் சாயங்காலம்தான் வருது."

"அப்ப ரத்தத்தைத் திருப்பி உள்ள விட்டுட்டு, சாயங்காலம் போடுங்களேன்?" என்று கேட்டார் வந்தவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

சிஸ்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சேசுவே! சாயங்காலம் வரைக்கும் இந்தப் புள்ளை தாங்குமா? மூச்சு எப்படி வாங்குதுன்னு கேளுங்க. மத்தியானம் மெஷினுக்கு வேற ரெண்டு பேர் வெளிய உக்காந்திருக்காங்க. ஊசி குத்தியாச்சு, ரத்தம் வெளிய வந்தாச்சு சார். நீங்க ரூல் படிச்சு முடிக்கிற வரைக்கும் அது காத்துட்டு இருக்காது."

சொல்லிக்கொண்டே குழாயின் நடுவில் இருக்கிற சின்னக் கண்ணாடிக் கூண்டைக் கத்திரிக்கோல் பிடியால் தட்டினார். உறைய ஆரம்பிக்கிறதா என்று அப்படித் தட்டித்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஓரமாக ஒரு கருப்பு. எனக்கு அது என்னவென்று தெரியாது. சிஸ்டர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"போடுங்க சிஸ்டர்" என்றார் ஃபோர்மேன். "எழுதுறவங்க எழுதட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

சிஸ்டர் குப்பியை எடுத்து ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினார். அப்போதுதான் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். குழாய் மாட்டாத கையை நீட்டி, மருந்து ஏற்றுகிற இடத்தைக் குழாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். மூச்சு வாங்கியதால் பேச்சு துண்டு துண்டாக வந்தது. "எனக்குப் போட்டு... அண்ணனுக்கு நின்னுடும்னா... எனக்கு வேணாம்."

"கையை எடும்மா!"

"மாட்டேன் சிஸ்டர்."

"தங்கச்சி, சொன்னா கேளு. நான் பெரியவன்" என்றார் ஃபோர்மேன்.

"உங்க வீட்லயும் புள்ளைங்க இருக்காங்கண்ணே."

சிஸ்டர் அவள் விரலைப் பிரிக்கப் பார்த்தார். அவ்வளவு வீங்கிய கையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ. இழுத்தால் ஊசி கழன்றுவிடும் என்று சிஸ்டர் விட்டுவிட்டார். வாசலில் நின்ற அவள் புருஷன் உள்ளே ஓடி வந்து, "ஏய், கையை எடு, கையை எடு" என்று அழுகிற குரலில் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அதை என் பேர்ல எழுதுங்களேன். காசு நாங்க கொடுத்துடுறோம். அண்ணன் பேரை எடுத்துடுங்க."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உடைத்த குப்பி, எழுதிய பில், ஏற்கெனவே ஃபோர்மேனுக்குப் போட்ட மருந்து, இதை எப்படி இன்னொருவர் பேருக்கு மாற்றுவது? பிறகு ஏன் மாற்றக் கூடாது என்று தோன்றியது. குப்பி யாருடையது என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்கிறவள் யார்? டாக்டர் இல்லை, சிஸ்டர் இல்லை. பில் புத்தகத்தை வைத்திருக்கிற நான். எந்த அட்டையைத் தினம் திட்டினேனோ அந்த அட்டைப்படி, யார் பேரில் நாற்பத்தொன்று போடுகிறேனோ முழுக் குப்பியும் அவர்களுக்குச் சொந்தம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஃபோர்மேன் பில்லில் நாற்பத்தொன்று என்ற வரியை மூன்று நகலிலும் விழுகிற மாதிரி அழுத்தி அடித்தேன். பக்கத்தைத் திருப்பி அவள் பேரில் புதிதாக எழுதினேன். தட்டிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து அவள் பேரை எழுதி, சிஸ்டர் கையிலிருந்த குப்பியிலேயே ஒட்டினேன்.

"சார், இங்க பாருங்க. இந்த பாட்டில் இப்ப இவங்களுது. உங்க கம்பெனிக்கு இதுக்கு பில் இல்லை."

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "அப்ப எங்க ஆளுக்குப் போட்டது?"

"இவங்க கொடுத்தது."

"அது எப்படிம்மா..."

"வெளியாள் மருந்தை உங்க ஆளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ரூல் இருந்தா காட்டுங்க. அதையும் அடிச்சுடுறேன்."

குரல் உயர்ந்துவிட்டது. மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார், அதைச் சொல்ல வேண்டும். சிஸ்டர் கூண்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் இருந்த கருப்பு விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், எந்தப் பாசுரமோ.

"அப்படி ஒண்ணும் இல்லை" என்றார் வந்தவர் கடைசியில்.

அவள் கையை எடுத்தாள். சிஸ்டர் மருந்தை ஏற்றினார். எங்கள் எல்லோருக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வடிகட்டியின் ஓரத்தில் சில இழைகள் அடைத்துப்போயிருந்தன, மற்றது ஓடியது. "ஓடுது" என்றார் சிஸ்டர். வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போய், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். ரத்தம் பார்த்துப் பழக்கமில்லாத மனிதர்.

அவள் படுத்தபடியே ஃபோர்மேனைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க என்னுதுலேர்ந்து போட்டுக்கிட்டீங்கண்ணே" என்றாள். வீங்கிய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கையெடுத்துக் கும்பிட முடியாமல் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராண்டாவில் போய் நின்றுகொண்டேன்.

பில்லில் வரியை அடித்ததற்கு அக்கவுண்டன்ட் என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கம்பெனியிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. பஸ்ஸில் ஃபோர்மேன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் கேட்க மாட்டார், நான் சொல்ல மாட்டேன், பாலம் தாண்டும்வரை இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வருவோம். மாதக் கடைசியில் கடிதம் வந்தது. அனுமதி தொடரும். ஹெப்பாரினுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: குப்பியை இன்னொரு நோயாளியோடு பங்கிட்டுக்கொண்டால், ஒரு முறை கம்பெனி பேரில், மறுமுறை மற்றவர் பேரில் பில் போட வேண்டும். மற்றவர் முறையில் கம்பெனிக்கு பில் வந்தால் அனுமதி ரத்து. அந்த ஒல்லி மனிதர்தான் அப்படி ஒரு வழி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் மனதுக்குள் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

லால்குடிக்காரருக்கு மட்டும் என் மேல் வருத்தம். இருக்காதா? சும்மா கிடைத்ததற்கு இப்போது இரண்டு முறைக்கு ஒரு முறை பணம் கட்ட வேண்டும். "நல்லா பண்ணீங்கம்மா" என்று ஒருநாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் கோபத்தில், "உங்க வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்டால் வேறு மாதிரி. அவள் முறை வருகிற நாளில் படியேறும்போதே தெரியும். தலை வாரி, பூ வைத்து, "இன்னைக்கு நம்மது" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். முறை தவறிவிடக் கூடாது என்று புருஷனை நச்சரித்து, முந்தின முறை வரும்போதே பணம் கட்டச் சொல்வாள். அவள் பேர் ஒட்டிய குப்பி ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கும்.

அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் புருஷன் மட்டும் கவுண்டருக்கு வந்தார். சட்டை போடவில்லை, துண்டைப் போர்த்தியிருந்தார். தலை மழித்திருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சனிக்கிழமை விடியக்காலையில" என்றார். "மூச்சு வாங்குதுன்னா. பஸ் வர்றதுக்குள்ள போயிட்டா."

அன்றைய குப்பிக்காக வெள்ளிக்கிழமையே அவள் பேரில் கட்டிய பணம் நினைவுக்கு வந்தது. அதையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று டிராயரைத் திறந்தேன்.

"அதுக்கு வரலைம்மா" என்றார். "இன்னைக்கு அவ முறையில்ல? அண்ணனுக்குப் போட்டுட்டாங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். போறதுக்கு முன்னால அதைத்தான் சொன்னா."

செத்தவர்கள் பேரில் அதற்குப் பிந்திய தேதியில் பில் போட முடியாது என்று பின்னாலிருந்து அக்கவுண்டன்ட் சொன்னார். சத்தம் போடாமல் தணிவாகத்தான் சொன்னார், விதியும் அதுதான். அவள் பேரில் போடாவிட்டால் அன்றைய குப்பி ஃபோர்மேன் பேரில் போக வேண்டும், போனால் மற்றவர் முறையில் கம்பெனிக்கு பில் என்று கடிதம் நிற்கும். இதையெல்லாம் நான் அக்கவுண்டன்டிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து அவள் பேரை எழுதினேன். அன்றைய தேதியைப் போட்டேன். அக்கவுண்டன்ட் என் கையைத் தடுக்கவில்லை.

மாடிக்குப் போனேன். ஃபோர்மேனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. சிஸ்டர் அவள் பேர் ஒட்டிய குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஃபோர்மேன் கையை வேட்டிக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"முடியலை சிஸ்டர். இதுலேர்ந்து எப்படி?"

"கையைக் கொடுங்க சார்" என்றார் சிஸ்டர். "அவ கொடுத்தது. வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

ரொம்ப நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

நான் கீழே வந்து, "போட்டாச்சுங்க" என்று அவள் புருஷனிடம் சொல்லி, பில்லின் நகலைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு அவளுதுதானேம்மா?" என்று கேட்டார்.

"அவங்களுதுதாங்க."

அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு லால்குடி பஸ்ஸுக்குப் போனார்.